டொக்டர் எண்டு போடலாம், மருந்து எழுதேலாதோ?

கேள்வி:

அன்புள்ள அக்கா,

வன்னியில் ஓர் ஆதார வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் மூன்று வருடமாக எம்.எல்.ரி.யாக (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக) வேலை செய்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்தேன், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. 2009இல் எனக்குப் பதினொரு வயது. செட்டிகுளம் முகாமில் இருந்துதான் ஆறாம் வகுப்புப் படித்தேன். அப்பா இல்லை. அம்மாவும், உயர்தரம் எழுதப்போகும் தம்பியும் இருக்கிறார்கள்.

ஜேர்மனியில் மூலக்கூற்று மருத்துவத்தில் பல்துறைக் கலாநிதிப் படிப்பு ஒன்று இருப்பதைப் பார்த்தேன். வைத்தியர், உயிரியல் படித்தவர், இரசாயனம் படித்தவர், கணினி படித்தவர் எல்லாரும் சேரலாமாம். ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் டொக்டரும் இல்லை, முழு விஞ்ஞானியும் இல்லை, நடுவில் நிற்கிற ஆள். முதுமாணியும் செய்யவில்லை. என்னை எடுப்பார்களா? அம்மா கேட்கிறா: "பேருக்கு முன்னால டொக்டர் எண்டு போடலாம், மருந்து எழுதேலாதோ? அப்ப அது என்ன டொக்டர்?" எனக்குப் பதில் தெரியவில்லை. இருக்கிற அரசாங்க வேலையை விட்டுப் போவது சரியா? திரும்பி வந்தால் வன்னியில் எனக்கு என்ன வேலை?

ஒரு வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

அம்மாவின் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். நான் கலாநிதிப் படிப்புக்குப் போகும்போது ஒட்டுசுட்டானில் என்னுடைய அம்மாவும் இதையேதான் கேட்டவ. அடுப்படியில் நின்றபடி கேட்டா, நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சமாளித்தது பிழை. மருந்து எழுத முடியாது. இலங்கை மருத்துவ சபையில் வைத்தியராகப் பதிந்தவர்தான் எழுதலாம். கலாநிதிப் பட்டம் அந்த உரிமையைத் தராது, எந்த நாட்டில் எடுத்தாலும் தராது. இதை அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். நாளைக்கு அயலட்டையில் யாராவது காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் படலைக்கு வரும்போது அம்மா சங்கடப்படக்கூடாது.

சொல்லிவிட்டு, ஹார்வி இட்டானோ என்பவரின் கதையையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். கலிபோர்னியாவில் 1920இல் பிறந்தவர். தாய் தகப்பன் ஜப்பானில் இருந்து வந்தவர்கள். 1942இல் பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டின் முதல் மாணவன் அவர்தான். ஆனால் பட்டமளிப்பு விழாவுக்குப் போக முடியவில்லை. போர் நடந்துகொண்டிருந்தது. ஜப்பானியப் பூர்வீகம் என்பதற்காக அவரை வேலிக்குள் அடைத்துவிட்டார்கள். மருத்துவம் படிப்பதற்கென்று முகாமில் இருந்து வெளியே விட்டார்கள். சென் லூயிஸ் நகரத்தில் படித்து 1945இல் வைத்தியரானார். அதன்பிறகும் அவர் லைனஸ் போலிங் என்ற இரசாயனவியலாளரிடம் கலாநிதி மாணவனாகப் போய்ச் சேர்ந்தார்.

போலிங்கிடம் ஒரு கேள்வி இருந்தது. அரிவாள் உயிரணுச் சோகை என்ற நோயில் சிவப்பணுக்கள் ஒட்சிசன் குறைந்த இடத்தில் வளைந்து அரிவாள் மாதிரி ஆகின்றன என்று ஒரு வைத்தியர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். அப்படியானால் கோளாறு அந்த மூலக்கூறிலேயே இருக்குமோ? இதைத்தான் இட்டானோவின் கையில் கொடுத்தார். நோயாளியின் ஈமோகுளோபினையும் மற்றவர்களுடையதையும் மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி ஓடவில்லை. 1949இல், இது ஒரு "மூலக்கூற்று நோய்" என்ற தலைப்போடு கட்டுரை வெளியானது. 1957இல் வேர்னன் இங்ரம் கேம்பிரிட்ஜில் இருந்து மிச்சத்தைச் சொன்னார்: அந்தப் புரதத்தில் ஓர் இடத்தில் குளுட்டமிக் அமிலம் இருக்கவேண்டும், வலீன் இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

ஈமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிடும் சோதனையை நீங்கள் பட்டப்படிப்பில் கையால் செய்திருப்பீர்கள். இன்றைக்கும் தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயுள்ள குடும்பங்களைக் கண்டுபிடிக்க உதவுகிற வழிகளில் அதுவும் ஒன்று. அந்த அறிக்கை வராமல் வைத்தியர் பேனையை எடுக்கமாட்டார். அம்மா கேட்ட "அது என்ன டொக்டர்" என்பதற்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். இட்டானோவைத் தெரிந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை நீங்களே விளங்கிக்கொள்வீர்கள். முகாமில் படித்ததைக் கடிதத்தின் நாலாவது வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்திலும் எழுதுங்கள். இரக்கம் தேடுகிற தொனி வேண்டாம், ஒரு வரியில் உள்ளபடி எழுதினால் போதும்.

இனி "நடுவில் நிற்கிற ஆள்" என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மனம் நொந்த இடம் அதுதான். பல்துறைப் படிப்பு என்றால் எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஆட்களைத் தேடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே வருகிற ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்றில் கை பழகியிருக்கவேண்டும். வைத்தியருக்கு நோயாளியைத் தெரியும், கணினிக்காரருக்குத் தரவைத் தெரியும். உங்களுக்கு மாதிரியைத் தெரியும். குருதி எடுத்த குழாய் வெயிலில் நின்றால் என்ன ஆகும், எந்தப் பெறுபேறு இயந்திரத்தின் பிழை, எது நோயாளியின் உண்மை என்று காலை ஏழரை மணி நெரிசலுக்குள் நின்று தீர்மானித்துப் பழகியவர் நீங்கள். அது ஒரு துறை. பெரிய ஆய்வுகூடங்களில் இந்த அறிவு இல்லாமல் மாதக்கணக்கான வேலையைக் குப்பையில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

துறைகள் சேருகிற இடத்தில் உண்மையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் வருடம் சொற்களால்தான் தடுக்கி விழுவீர்கள். "இந்தச் சோதனையின் உணர்திறன் எவ்வளவு?" என்று வைத்தியர் கேட்டால், நூறு நோயாளிகளில் எத்தனை பேரைப் பிடிக்கும் என்று கேட்கிறார். அதே சொல்லை இரசாயனவியலாளர் சொன்னால், எவ்வளவு சிறிய அளவுவரை அளக்கும் என்று பொருள். ஒரே மேசையில் இருந்துகொண்டு ஒரு மணித்தியாலம் வெவ்வேறு விஷயம் பேசியிருப்போம், ஒருவருக்கும் தெரியாது. என்னுடைய முதலாவது கூட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். நான் சிறுநீரக நோயாளிகளின் சிறுநீரில் ஒரு புரதத்தை எலைசா என்ற ஆய்வுகூடச் சோதனையில் அளந்துகொண்டிருந்தேன். ஒருவருடைய மாதிரியைச் சோதனைத் தட்டின் மூன்று குழிகளில் விட்டு அளந்து, சராசரி எடுத்து, எண்ணிக்கை மூன்று என்று படத்தின் கீழே எழுதிக் காட்டினேன். புள்ளிவிபரவியல்காரி ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "இது மூன்று மனிதரா, ஒரு மனிதரை மூன்று தரம் கேட்டதா?" ஒரு மனிதர்தான். எண்ணிக்கை ஒன்றுதான். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் என் ஆய்வேடு முழுக்க அந்தப் பிழையோடு போயிருக்கும். பல்துறை என்பதை நான் அந்தப் பின்னேரம்தான் விளங்கிக்கொண்டேன்.

ஆகவே தங்கச்சி, எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடமுதல் எந்தக் கேள்வி என்று தேடுங்கள். இத்தனை துறைகளையும் ஒரு மேசைக்குக் கொண்டுவருவது கேள்வி. பாடத்திட்டம் அதற்குப் பிறகு வருவது. உங்களுக்கு அது கைக்கெட்டிய தூரத்திலேயே கிடக்கிறது.

தோல் சுரண்டல் ஸ்லைட்டுகள் உங்கள் மேசைக்கு வருமல்லவா? நோவில்லாத ஒரு பரு, பிறகு ஆறாத புண். வயலுக்கும் காட்டுக்கும் போகிறவர்களில், முகத்தில் அல்லது கையில். கீம்சா சாயம் போட்டு, நூறு மடங்கு வில்லையில் எண்ணெய் விட்டுப் பார்த்தால், உயிரணுவுக்குள் குட்டி முட்டை வடிவங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கருவும் பக்கத்தில் ஒரு கோடும். லீஷ்மேனியா. 1903இல் சென்னைப் பொது மருத்துவமனையில் சார்ள்ஸ் டொனவன் பார்த்ததும் இதே வடிவங்களைத்தான், அவர் பெயர்தான் இன்றைக்கும் அந்த ஒட்டுண்ணியின் பெயரில் இருக்கிறது. இலங்கையில் வெளிநாடு போகாத ஒருவருக்கு இந்தத் தோல் நோய் முதன்முதலில் 1992இல் பதிவானது. 2008இல் இருந்து அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. இன்று வெலிஓயா என்று பதியப்படும் மணலாற்றுப் பகுதி, நோயாளர் கூடுதலாக இருக்கும் இடங்களில் ஒன்று.

இதில் ஒரு புதிர் உண்டு. பீகாரில் இதே இனம், லீஷ்மேனியா டொனவனி, மண்ணீரலுக்கும் ஈரலுக்கும் போகிறது. காலா அசார் என்பார்கள். வைத்தியம் இல்லாவிட்டால் ஆள் தப்பமாட்டார். அதே ஒட்டுண்ணி, அதே மணல் ஈ கடித்து இங்கே வரும்போது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. ஏன்? இலங்கையில் தோல் புண் வந்த ஒருவரிடமிருந்தும், அரிதாக உள்ளுறுப்பு நோய் வந்த ஒருவரிடமிருந்தும் எடுத்த ஒட்டுண்ணிகளின் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்டு 2014இல் ஒரு கட்டுரை வெளியானது. கொழும்பு மருத்துவ பீடத்துப் பேராசிரியர் நதீரா கருணாவீரவும் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்துக் குழுவும் சேர்ந்து செய்த வேலை. வித்தியாசங்களில் இரண்டைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். ஏ2 என்ற மரபணு தோல் ஒட்டுண்ணியில் குறைவு, ராக்சி என்ற இன்னொன்றில் ஒரு பிறழ்வு. தோல் ஒட்டுண்ணியில் இவற்றைச் சீராக்கி எலிக்குள் விட்டபோது, உள்ளுறுப்பில் அது தப்பிப் பிழைப்பது கூடியது.

அந்த வேலையை ஆர் செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். புண்ணைப் பார்த்த தோல் வைத்தியர் வேண்டும். ஒட்டுண்ணியை உயிரோடு வளர்த்தெடுத்த ஆய்வுகூடக்காரர் வேண்டும், அது லேசான வேலை இல்லை, ஒரு பங்கசு போதும், எல்லாம் போய்விடும். மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தியவர், கணினியில் ஒப்பிட்டவர், எலியில் சோதித்தவர் எல்லாரும் வேண்டும். பல்துறைப் படிப்பு என்று அவர்கள் விளம்பரத்தில் எழுதுவது இந்த வேலையைத்தான். முடியாத கேள்விகள் நிறைய மிச்சம். சிலருக்கு வாராவாரம் புண்ணுக்குள் அன்ரிமனி ஊசி போட்டும் ஆறுவதில்லை. அது ஒட்டுண்ணியின் குணமா, அந்த மனிதரின் நோயெதிர்ப்பின் குணமா? ஸ்லைட்டில் ஒன்றும் தெரியாமல், ஆனால் புண் அதுவேதான் என்று வைத்தியர் அடித்துச் சொல்கிற ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது? 2000ஆம் ஆண்டில் ஜப்பானியர்கள் வெளியிட்ட லாம்ப் என்ற முறையில், பி.சி.ஆர். போல வெப்பநிலையை ஏற்றி இறக்கவேண்டியதில்லை. 60க்கும் 65 பாகைக்கும் இடையில் ஒரே சூட்டில் வைத்தால் டி.என்.ஏ. பெருகும். மின்சாரம் போய் வருகிற ஓர் ஆதார வைத்தியசாலைக்கு எது பொருந்தும் என்று ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த மாணவருக்குத் தோன்றாது. உங்களுக்குத் தோன்றும்.

லீஷ்மேனியாதான் எடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. புடையன் கடித்தவரின் குருதியை இருபது நிமிடம் கண்ணாடிக் குழாயில் வைத்து உறைகிறதா என்று பார்த்திருப்பீர்கள். அவருக்குப் போடுகிற விசமுறிவு மருந்து இந்தியாவில் செய்தது, இந்தியப் பாம்புகளின் விசத்துக்கு எதிராகச் செய்தது. நம்முடைய புடையனின் விசம் அதே கலவை இல்லை. அதுவும் ஒரு நல்ல கேள்வி. சிறுநீரக நோயை மட்டும் முழுதாகத் தூக்காதீர்கள். காரணம் தெரியாத அந்த நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்டு, வவுனியா வரை பரந்து கிடக்கிறது. தண்ணீர், புளோரைட்டு, வெக்கை, கிருமிநாசினி, பரம்பரை என்று எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், இன்னும் தீரவில்லை. மூன்று வருடத்தில் ஒரு மாணவி அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பதில்லை. நான் அந்த ஆசையோடு போய், கடைசியில் ஒரு புரதத்தின் அளவோடு திரும்பி வந்தவள். அந்த ஒரு புரதத்தை ஒழுங்காக அளந்ததில் எனக்குத் திருப்திதான்.

சரி, உங்களை எடுப்பார்களா? நேரே ஜேர்மனிக்கு என்றால், பெரும்பாலும் இல்லை. அங்கே கலாநிதிப் படிப்புக்கு முதுமாணிப் பட்டம் கேட்பது வழமை. உல்ம் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று மருத்துவத்துக்கென்றே சர்வதேசப் பட்டப்பின் கல்லூரி ஒன்று இருக்கிறது. கோட்டிங்கனிலும் அந்தப் பெயரில் ஒரு கலாநிதிப் படிப்பு உண்டு. ஆங்கிலத்தில் நடக்கும், மூன்று வருடக் கணக்கு. உங்கள் பட்டத்தை அங்கே எப்படி மதிக்கிறார்கள் என்பதை அனாபின் என்ற அரச தரவுத்தளத்தில் பார்க்கலாம். ஆனால் கடைசி முடிவு அந்தப் பீடத்துடையது.

முதுமாணியை இங்கேயே செய்யலாம். இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், பலர் இதிலேதான் வழுக்குகிறார்கள். பட்டங்களை மட்டம் மட்டமாகப் பிரிக்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9ஆம் மட்டம் பாடங்களை மட்டும் படித்து எடுக்கிற முதுமாணி. 10ஆம் மட்டத்தில் ஆய்வும் சேர்ந்திருக்கும். சனி ஞாயிறு விரிவுரையோடு ஒரு வருடத்தில் முடிகிறது என்று 9ஐ எடுத்துவிட்டால், பிறகு வெளிநாட்டில் "நீ செய்த ஆய்வு எங்கே?" என்று கேட்கும்போது காட்ட ஒன்றும் இராது. 10ஐ எடுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவகத்திலும், பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்திலும் விசாரியுங்கள். வெளியே போய்த்தான் முதுமாணி என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டஸ் புலமைப்பரிசிலையும் ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டி.ஏ.ஏ.டி.யையும் பாருங்கள். ஒரு கணக்கை மனதில் வையுங்கள். உல்ம் இருக்கிற மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிற முதுமாணி மாணவருக்கு ஓர் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்டணம். கலாநிதி மாணவருக்கு அந்தக் கட்டணம் இல்லை.

அமெரிக்காவில் வேறு முறை. இளமாணியோடு நேரே எடுப்பார்கள். கட்டணமும் உதவித்தொகையும் பெரும்பாலும் அவர்களே பார்ப்பார்கள். முதல் வருடத்தில் இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் சில மாதம் சில மாதமாக வேலை செய்து பார்த்துத்தான் ஒன்றைத் தெரிவுசெய்வீர்கள். ஐந்து ஆறு வருடம் எடுக்கும். போட்டி கடுமை, ஆனால் உங்கள் மாதிரி ஒருவர் விண்ணப்பிக்கவே கூடாது என்று ஒன்றுமில்லை. தம்பி உயர்தரம் எழுதுகிற வீட்டில் ஆறு வருடம் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும், அதனால் இந்த வழியை இரண்டாவதாகத்தான் சொல்கிறேன்.

எங்கே போனாலும் மேற்பார்வையாளர் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கலியாணம் பேசும்போது எங்கள் ஆட்கள் எப்படி விசாரிப்பார்கள்? அயலில் கேட்பார்கள், வேலை செய்கிற இடத்தில் கேட்பார்கள், பழைய ஊரிலும் போய்க் கேட்பார்கள். இதிலும் அப்படியே கேளுங்கள். இப்போது அங்கே இருக்கும் மாணவர்களுக்கு, பேராசிரியருக்குப் பிரதி போடாமல், தனித்தனியே எழுதுங்கள். கடைசியாக முடித்த மூன்று பேருக்கு எத்தனை வருடம் எடுத்தது? இடையில் விட்டுப் போனவர் உண்டா, ஏன்? கட்டுரையில் முதல் பெயர் ஆருடையது என்பதை எப்போது பேசித் தீர்மானிப்பார்கள்? மூன்று வருடம் முடிந்து வேலை முடியாவிட்டால் நாலாவது வருடச் சம்பளம் ஆர் தருவது? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க எங்கள் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். கேளுங்கள். ஜேர்மனியில் பல இடங்களில் கலாநிதி மாணவருக்கு வேலை ஒப்பந்தம் உண்டு, முழுச் சம்பளத்தில் 65 வீதம் என்று இருப்பது சாதாரணம். முழுநாளும் வேலை செய்துவிட்டு ஏன் 65 என்று பிறகு மனம் உடையாமல் இருக்க, முதலே தெரிந்திருக்கவேண்டும்.

நல்ல படிப்புகளில் ஒரே ஒருவரின் கையில் மாணவியை விடமாட்டார்கள். உல்மில் உள்ளது போல ஆலோசனைக் குழு ஒன்று, குறைந்தது மூன்று பேர், உங்கள் வேலையைக் கூடிப் பார்ப்பார்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். என்னுடைய மேற்பார்வையாளர் இரண்டாம் வருட நடுவில் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போய்விட்டார். எனக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் மின்னஞ்சல் வந்தது. என்னுடைய மாதிரிகள் குளிர்பெட்டியில், விசா முடிய ஏழு மாதம். நான் அழுதது உண்மை. குழுவில் இரண்டாவது ஆளாக இருந்த சிறுநீரக வைத்தியர்தான் தன்னுடைய பிரிவில் எனக்கு ஒரு மேசை தந்து மிச்சத்தை முடிக்க வைத்தார். கையெழுத்துக்கு மட்டும் பெயர் போடுகிற குழுவா, உண்மையில் கூடுகிற குழுவா என்று மாணவர்களிடம் கேட்டு அறியுங்கள்.

வேலையை இப்போது விடவேண்டாம். சம்பளமற்ற கல்வி விடுமுறை எவ்வளவு காலம் கிடைக்கும், சேவை மூப்புக்கு என்ன நடக்கும், பிணை கேட்பார்களா என்பதை நிர்வாக உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். அனுமதிக் கடிதமும் பணம் பற்றிய கடிதமும் இரண்டும் கையில் வரும்வரை ஒரு நாளும் இராஜினாமாவைப் பற்றிப் பேசாதீர்கள்.

திரும்பி வந்தால் என்ன வேலை என்று கேட்டீர்கள். இனிப்பாகச் சொல்லமாட்டேன். வன்னிக்குள் நீங்கள் அங்கே பார்க்கப்போகிற மாதிரி ஓர் ஆய்வுகூடம் இப்போது இல்லை. முதல் வருடங்கள் கற்பித்தலாகத்தான் போகும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. யாழ் மருத்துவ பீடம் ஏ9 வழியே உங்களுக்கு இரண்டு மணித்தியாலம் கூட இல்லை. 2020இல் கொரோனாப் பரிசோதனையை அந்தப் பீடத்து ஆய்வுகூடத்தில் தொடங்கியபோது, பி.சி.ஆர். தெரிந்த கைகள் எத்தனை குறைவு என்பதை எல்லாரும் கண்டோம். இடம் இருக்கிறது, ஆட்கள்தான் இல்லை. போனவர்களில் பலர் வரவில்லை, அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. நீங்கள் வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் மாட்டேன். வந்தால் எனக்குச் சந்தோசம், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. போர் முடிந்த பிறகு எங்கள் சனத்திடம் ஆய்வு என்று வந்தவர்கள் கொஞ்சமில்லை. படிவம் நிரப்பினார்கள், குருதி எடுத்தார்கள், கிணற்றுத் தண்ணீர் எடுத்தார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றில் எடுத்துப் போன தண்ணீரில் என்ன இருந்தது என்று இன்றுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை. அம்மா செத்துப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தவ. நீங்கள் அந்த ஆளாக ஆகிவிடாதீர்கள். மாதிரி ஒன்று இந்த மண்ணை விட்டு வெளியே போவதென்றால் இங்கே ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும், மாதிரி கைமாறும் ஒப்பந்தமும் வேண்டும். அது கடதாசி வேலை என்று சலிக்கவேண்டாம். ஒப்புதல் படிவத்தை முதலில் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்த படிவம் எங்கள் அப்புமாருக்கு விளங்காது. "உங்கட புண்ணில இருக்கிற கிருமியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய், அது என்ன இனம் எண்டு பாக்கப்போறம்; உங்களுக்கு இதால உடன சுகம் வராது" என்று ஒரு வயல்காரருக்கு நேரே சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்கள் ஆய்வு உங்களுக்கே விளங்கியிருக்கிறது என்று அர்த்தம். முடிவு வந்ததும் அதே ஊர் வாசிகசாலையில் வந்து சொல்வதற்கான பயணச் செலவையும் ஆய்வுச் செலவுத் திட்டத்தில் ஒரு வரியாகப் போடுங்கள். போடலாம், நான் போட்டிருக்கிறேன், தந்தார்கள்.

இப்போதைக்குச் செய்யவேண்டியது ஒரு பக்கம் எழுதுவது. உங்கள் மேசைக்கு வந்த எந்த மாதிரி உங்களைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைத்தது? அதைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும்? உங்களிடம் நல்ல நுணுக்குக்காட்டியும் ஐம்பது நோயாளிகளும் ஒரு வருடமும் இருந்தால் முதலில் எதைச் செய்து பார்ப்பீர்கள்? ஆங்கிலம் பிறகு பார்க்கலாம், முதலில் தமிழில் எழுதுங்கள். எழுதி இந்தப் பகுதிக்கே அனுப்புங்கள், நான் சிவப்பு மையால் கிறுக்கித் திருப்பி அனுப்புகிறேன். அந்தப் பக்கம்தான் பிறகு பேராசிரியருக்குப் போகிற மின்னஞ்சலாகவும் மாறும், அதனால் நீளவேண்டாம். நோயாளிகளின் பெயரோ ஊரோ கிளினிக் இலக்கமோ ஒன்றும் அதில் இருக்கக்கூடாது.

அன்புடன்,
அக்கா